எண்ணெய் இறங்காத இடம்

மூன்று பிளக்கையும் கழற்றி
சாக்கின் மேல் வரிசையாக வைத்தேன்.
மேலே இரண்டும் காய்ந்த சாம்பல் நிறம்.
கீழே உள்ளது சுண்ணாம்பாய் வெளுத்து,
நுனியில் உப்புப்பரல் போல
ஓர் அலுமினியப் பொட்டு.
பிஸ்டன் தன்னையே கொஞ்சம் நக்கியிருக்கிறது.

'ஆயில் இருக்கே தெக்லா, முட்ட இருக்கே'
என்றார் ரெமிஜியுஸ்.
இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.
நாலு நாள் தொழிலுக்குப் போன வள்ளத்தில்
எண்ணெய் குறையவே இல்லை என்றால்
அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

டூ ஸ்ட்ரோக்குக்கு அடிவயிற்றில் சேமிப்புக் கிடையாது.
வந்த சொட்டு எரிந்து புகையாகப் போகும்.
அது போய் முடியும் முன்
அடுத்த சொட்டு வந்திருக்க வேண்டும்.

கூடுதாழைக் கரையில் காற்று செத்துக் கிடந்தது.
மேற்கே காற்றாலைகள்கூட
கை தூக்கியபடி நின்றன.
கேனில் ஐம்பதுக்கு ஒன்று ஆயிலைக் கையாலேயே கலந்தேன்,
சோதிக்கும்போது செத்துவிடக் கூடாதே என்று.
கீழ்ச் சிலிண்டரில் இரண்டு சொட்டு விட்டு
ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன்.
உரசியது, சுற்றியது.

கவுலைத் தூக்கினால்
இஞ்சினோடு ஒட்டிய சின்ன டேங்க்.
யாரும் பார்க்காத டேங்க்.
கையை விட்டுத் தடவினேன்:
வறண்ட பிசுக்கு.
பெரியதில் நிறைய, சின்னதில் ஒன்றும் இல்லை.
நடுவே ஒரு குழாய். குழாயில் ஒரு குமிழி.
குமிழி நகரவில்லை.

பம்பு சுற்றுகிறது. வடிகட்டி சுத்தம்.
வால்வை வாயில் வைத்து ஊதினேன்,
ஒருபக்கம் போனது, மறுபக்கம் மறுத்தது, சரிதான்.
கசப்பைத் துப்பிவிட்டு
பெரிய டேங்கின் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ்.

மூச்சுப் பிடித்திருந்த பிள்ளை மாதிரி
டேங்க் காற்றை இழுத்தது.
மூடியின் நடுவில் ஊசித்துளை இருக்க வேண்டிய இடத்தில்
சாம்பல் நிறத்தில் எம்-சீல்,
பெருவிரல் ரேகையோடு.
'அலத்தண்ணி உள்ள இறங்குதுன்னு நாந்தாங்க்கா அடச்சேன்'
என்றான் கஸ்பார், அவர் மருமகன்.
ஒரு சொட்டு வெளியேற
அதே அளவு காற்று உள்ளே போக வேண்டும்.
அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

ரெமிஜியுஸ் அவனைத் திட்டத் தொடங்கினார்,
வலைப்பின்னலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்குமளவு.
நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.
சின்ன டேங்க் காய்ந்தால் ஊதி கத்தியிருக்க வேண்டும்.
கத்தவில்லையே.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
பிடிமானத்துக்குப் பின்னால்
வெட்டி, மடித்து, நீல டேப் சுற்றி,
முனையைத் திரும்ப உள்ளே செருகிய வேலை.
இந்தக் கரையில் டேப்பை அப்படிச் செருகுகிறவள்
நான் ஒருத்திதான்.

போன தவக்காலம்.
எண்ணெய் இருந்தும் ஊதி கத்துகிறது என்றார்.
'கணவாய் எல்லாம் ஓடிருது, அந்தச் சனியன அறு.'
தூத்துக்குடியிலிருந்து சென்சார் வரட்டும், அதுவரைக்கும் என்று
அறுத்தேன்.
கூலி வாங்கவில்லை. அதனால் மறந்தும் போனேன்.

இப்போது அந்த மிதவையை வெளியே எடுத்து
மண்ணெண்ணெயில் அலசினேன்.
கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் சேறு.
தானாக ஏறி இறங்கியது.
இரண்டு நிமிட நோய்.

'மாமனும் மருமகனும் நில்லுங்க.
இத அறுத்தது நான்.'
ரெமிஜியுஸ் டேப்பைப் பார்த்தார்.
தான் சொன்னது நினைவு வந்ததா, தெரியவில்லை.
'போர் போடணுமா?' என்று மட்டும் கேட்டார்.
'போடணும். பிஸ்டன் விலை உங்களுக்கு,
கூலி எனக்கு வேண்டாம்.'

குழாயின் திருகைத் தளர்த்தினேன்.
குமிழி ஏறி வந்து உடைந்தது.
சின்ன டேங்கில் நகப்பாலிஷால் ஒரு கோடு,
எண்ணெய் அதைத் தொட்டதும் நிறுத்தினேன்.
பிறகு வயரை முறுக்கி,
மிதவையை விரலால் கீழே அழுத்தினேன்.

வீல் என்று கத்தியது.
நாய்கள் எழுந்தன. கஸ்பார் காதைப் பொத்தினான்.
சோதனைக்கு ஒரு நொடி போதும்.
நான் விரலை எடுக்கவில்லை.